கயிற்றின் மறுமுனையில் பக்கிரி அண்ணன்

பக்கிரி அண்ணனின் முகத்தைவிட அவர் இடுப்பில் கட்டிய கயிறுதான் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷமாக அந்தக் கயிற்றின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான்.

எங்களுடையது குடவாசல் பக்கத்து உழவாரத் திருக்கூட்டம். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏதாவது ஒரு பழைய சிவன் கோயிலுக்குப் போவோம். பிராகாரத்தில் முள் வெட்டுவோம், தரையில் எண்ணெய்ப் பிசுக்கு சுரண்டுவோம், குளத்தில் பாசி எடுப்போம், விளக்கு தேய்ப்போம். நான் ஐந்தாவதோடு நின்றவன், குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவன். தேவாரம் பிழையில்லாமல் பாட வராது. சுவாமிக்கு நான் கொடுக்கக்கூடியது இந்த இரண்டு கைதான். கோபுரத்தில் ஆலோ அரசோ முளைத்திருந்தால் அதை எடுப்பது பக்கிரி அண்ணன் வேலை.

கோபுரத்தின் ஒவ்வோர் அடுக்கையும் நிலை என்போம். உள்ளே ஏணியில் ஏறி, நிலையில் இருக்கும் ஜன்னல் போன்ற திறப்பு வழியாக அவர் வெளியே போவார். சுதைப் பொம்மைகளுக்கு நடுவே கால் வைத்து நகர்ந்து, செடியின் வேரைச் சின்ன உளியால் தோண்டி எடுப்பார். மறுபடி முளைக்காமலிருக்க, வேர் இருந்த குழியில் பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றுவார். ஒரு பொம்மையின் விரல்கூட உடைந்ததில்லை. நான் உள்ளே வௌவால் புழுக்கை நாற்றத்தில், உத்திரத்தைச் சுற்றி வந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவரைப் பார்க்க முடியாது. ஓர் இழுப்பு என்றால் கயிறு விட வேண்டும். இரண்டு என்றால் இறுக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கிறாரா, எட்டிப் பிடிக்கிறாரா, மூச்சு வாங்குகிறாரா என்பதெல்லாம் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அவர் பேராவூரணிக்காரர். மீசை முளைக்கும் முன்பே தென்னை மரம் ஏறத் தொடங்கியவர். கஜா புயல் அடித்த அன்று காலையில் வெளியே வந்து பார்த்தால், அவர் ஏறிய மரமெல்லாம் தரையில் கிடந்ததாம். நான்கு மாதம் விழுந்த மரத்தை அறுத்துக் கொடுத்தார். பிறகு வேலை இல்லை. சம்சாரமும் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டதால், குடவாசலில் இருக்கும் மகள் கனிமொழி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோபுரத்தில் முளைத்திருந்த அரசங்கன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவோடு போன ஒரு மனிதர் நின்று கேட்டார்.

"என்ன, பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா எறங்கி வந்துருமா? நகருங்க, நான் எடுத்துத் தர்றேன்."

அன்று கயிறு பிடிக்க யாரும் முன்வரவில்லை. நான் பிடித்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இந்த வருஷம் தை மாதம் இலங்கையிலிருந்து செய்தி வந்தது. மன்னார்ப் பக்கம் ஒரு சிவன் கோயில். பல வருஷம் பூட்டிக் கிடந்து இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஆனியில் திருவிழா. அதற்கு முன்னால் வந்து பத்து நாள் தங்கி உழவாரம் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். கோபுரத்தில் செடி மண்டிக் கிடக்கிறது, ஏற ஆள் இல்லை என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கூட்டத்தை நடத்துகிறவர் இளம்பரிதி. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கெட்டிக்காரர், கொஞ்சம் கண்டிப்பு. மே மாதம் போவதென்று முடிவு செய்தார். அப்போது பள்ளிக்கூடம் லீவு, வயலும் காய்ந்து கிடக்கும், ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிடலாம். பத்துப் பேருக்குத்தான் அங்கே இடம். பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு வேலை. வேலை இல்லாதவருக்கு இடம் இல்லை.

பாஸ்போர்ட் எடுக்க நானும் பக்கிரி அண்ணனும் தஞ்சாவூருக்குச் சேர்ந்து போனோம். வரிசையில் நிற்கும்போது அவர் ஆதார் அட்டையைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயசு என்று வந்தது.

"அண்ணே, உங்களுக்கு அம்பத்து நாலா?"

"அதுல அப்படித்தான் போட்ருக்கு. போட்டோ புடிச்ச பொண்ணு என்னைப் பார்த்துட்டு அதுவா ஒரு வயசு போட்டுச்சு. எழுபத்தேழு புயல்ல நான் மரத்துல இருந்தவன்டா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அறுபதைத் தாண்டியது.

"ஏன்ணே, இந்த வயசுல இலங்கைக்கு வரணும்னு இவ்வளவு ஆசையா?"

வரிசை நகர்ந்தது. பிறகு சொன்னார்: "அம்பது வருஷமா உசரத்துலதான் இருக்கேன் லிங்கம். ஒரு நிமிஷம் கையை விட்டதில்ல. பிளேன்ல அதவிட உசரமாம். எதையும் புடிச்சுக்க வேணாமாம். சும்மா உக்காந்தா போதுமாம். ஒரு தடவ அப்படி உக்காந்து பார்த்துரணும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பங்குனி பிறந்ததிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு என்பது போய், ஒவ்வொரு ஞாயிறும் ஆனது. இலங்கையில் தடுமாறக் கூடாது என்று இளம்பரிதி எல்லோரையும் பழக்கினார். யார் எந்த வாளி, எந்தத் துடைப்பம், எத்தனை மணிக்குத் தொடக்கம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல். அங்கன்வாடியில் சமைக்கிற பிரகதீஸ்வரி அக்கா எங்கள் கூட்டத்துப் பெண்களுக்குத் தலைவி. அவர் தேங்காய் நாரும் சீயக்காயும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். வெயில் கல்லைப் பிளந்தது. திங்கட்கிழமை வயலுக்குப் போனால் எனக்கு மண்வெட்டியைத் தூக்கவே முடியாது. பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குவோம். பக்கிரி அண்ணன் மட்டும் நின்றுகொண்டே வருவார். உட்காரச் சொன்னால், "நின்னா காத்து வருது" என்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை முதல் வாரம், மூன்று நிலைக் கோபுரம் உள்ள ஒரு கோயில். மேல் நிலையில் ஓர் அத்திச் செடி. வழக்கம்போல அவர் வெளியே போனார். கயிறு நகர்ந்தது, நின்றது. பிறகு என் உள்ளங்கையில் ஏதோ துடிப்பதுபோல் இருந்தது. முதலில் காற்று என்று நினைத்தேன். கயிறு நிற்காமல் நடுங்கியது. இழுப்பு எதுவும் வரவில்லை.

"அண்ணே!"

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"அண்ணே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் இறுக்கிப் புடி."

அவர் வாயால் கேட்டு நான் கயிறு இறுக்கியது அன்றுதான் முதல் தடவை. காலை உத்திரத்தில் உதைத்து, பஞ்சாட்சரத்தைச் சொல்லிக்கொண்டே இழுத்தேன். திறப்பு வழியாக முதலில் அவர் கை வந்தது, பிறகு தலை. உள்ளே வந்து புழுக்கையின் மேலேயே மல்லாந்து படுத்துவிட்டார். இரண்டு முழங்காலும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. கையால் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை.

"எத்தனை நாளாண்ணே இப்படி?"

"போன வருஷத்துலேர்ந்து. மழைக்காலத்துல சும்மா வலிச்சுது. இப்ப கால் எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"பரிதிகிட்ட சொல்லிருவோம்."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் ஒரு குறையும் இல்லை.

"சொல்லாத. சொன்னா எடம் போயிரும். அங்க போயி மெள்ள ஏறிக்கிறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சாமி மேல சொல்லு."

கோயிலுக்குள் இருந்துகொண்டு கேட்கிறார். நான் என்ன செய்ய? "சொல்ல மாட்டேன்ணே" என்றேன்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இலங்கைக் கோபுரம் ஐந்து நிலை. படம் பார்த்திருந்தேன். கண்ணை மூடினால் கயிறுதான் தெரிந்தது. சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய் நின்றேன். அவர் காலைச் சரிப்படுத்து என்று கேட்பதா, என் வாயைத் திறந்துவிடு என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமல் விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன். நடக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிடிப்பேன் என்று கொடுக்கவில்லை.

டிக்கெட் போடுவதற்கு முந்தைய ஞாயிறு, கோயில் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இளம்பரிதி பட்டியலைப் படித்தார். மடைப்பள்ளி, விளக்கு, குளம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

"கோபுரம், பக்கிரி அண்ணன். கயிறு, அமிர்தலிங்கம் அண்ணன்."

"கயிறு நான் பிடிக்கலை" என்றேன்.

இளம்பரிதி தலை நிமிர்ந்தார். "என்னண்ணே சொல்றீங்க?"

"பிடிக்க மாட்டேன் பரிதி."

"கையில ஏதும் அடிபட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரகதீஸ்வரி அக்கா குரல் கொடுத்தார். "ஏழு வருஷமா ஒரு புருஷன் பொண்டாட்டிகூட இப்படி ஒத்துமையா இருந்திருக்க மாட்டாங்க. பாஸ்போர்ட் வந்ததும் சண்டையா? வெளிநாடு போறதுக்கு முன்னாடியே இப்படின்னா, போயிட்டு வந்தா எங்கள அடையாளம் தெரியுமாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். இளம்பரிதிக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலில் எதையோ அடித்தார்.

"சரி. கயிறுதானே, நான் பிடிச்சுக்கிறேன். பக்கிரி அண்ணே, உங்களுக்குச் சம்மதம்தானே?"

இப்படி ஒரு வழி இருப்பதை நான் யோசிக்கவே இல்லை. பக்கிரி அண்ணன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வேணாம் பரிதி" என்றார். "லிங்கம் புடிக்கலைன்னா நான் ஏறல."

"அண்ணே, அங்க உங்களை நம்பித்தான் கூப்பிட்டிருக்காங்க."

"சாரம் கட்டிக்கச் சொல்லு."

இளம்பரிதி பட்டியலை மடியில் வைத்தார். அவரும் தை மாதத்திலிருந்து தூங்காதவர்தான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "சரிண்ணே, ஏற வேணாம். குளத்துல ரெண்டு ஆள் குறையுது. லிங்கம் அண்ணனும் நீங்களும் பாசி எடுங்க. என்ன சொல்றீங்க?"

குளம் என்றால் நாளெல்லாம் படி ஏறி இறங்க வேண்டும். அந்த முழங்காலோடு முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"எனக்கு மேல் வேலைதான் தெரியும். கீழ் வேலைக்கு வேற ஆளப் போட்டுக்க."

அவ்வளவுதான். அவர் இடத்தில் வேறு பெயர் எழுதப்பட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நானும் போகலண்ணே" என்றேன்.

"எதுக்கு? நீயும் ஒக்காந்துட்டா என் கால் சரியாயிருமா? போ."

"எம்மேல கோவமா?"

"இல்லாம?" பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பேசாம கயித்தப் புடிச்சிருந்தா நான் ஏறியிருப்பேன்டா."

"ஏறியிருப்பீங்கண்ணே. எறங்கியிருப்பீங்களா?"

பஸ் வந்தது. ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார். குடவாசல் வந்ததும் எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். எல்லோர் கண்ணெதிரிலேயே அதைப் பிடித்துக்கொண்டார்.

வைகாசியில் நாங்கள் போய் வந்தோம். நான் பத்து நாளும் குளத்தில் பாசி எடுத்தேன். சுவாமி தரிசனம் நன்றாகக் கிடைத்தது. ஆனால் கோபுரம் கண்ணில் படும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். திரும்பிய மறுநாள் விபூதிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கனிமொழி வீட்டுக்குப் போனேன். பக்கிரி அண்ணன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். இரண்டு முழங்காலிலும் தைலம் மினுங்கியது. இப்போதெல்லாம் அப்பா பகலில்கூடத் தூங்குகிறார் என்று கனிமொழி சொன்னது.

அவர் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டார். சுவாமியைப் பற்றிக் கேட்கவில்லை. கடலைப் பற்றிக் கேட்கவில்லை.

"கோபுரத்துச் செடிய என்ன பண்ணாங்க?"

"சாரம் கட்டி வெட்டுனாங்கண்ணே."

"வேரோடயா?"

"இல்ல. மேலாக்க வெட்டிவிட்டாங்க."

"பெருங்காயம்?"

"யாருக்கும் தெரியலண்ணே."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"ஐப்பசி மழைக்கு மறுபடி முளைச்சிரும்" என்றார். "பரிதிகிட்ட சொல்லி அந்தக் கோயிலுக்குப் போன் போடச் சொல்லு. முளைச்சதும் இளசா இருக்கறப்பவே சாரம் கட்டி, வேரத் தோண்டி எடுக்கணும். எப்படின்னு நான் சொல்றேன், நீ எழுதிக்க. உனக்கு எழுத வரும்ல?"

"அஞ்சாவது வரைக்கும் வரும்ணே."

"அது போதும். பேப்பர் எடு."