குன்றத்தூருக்குப் போகாத சஷ்டி

சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் காந்திமதியின் குரலுக்கு என்று ஒரு மரியாதை உண்டு. கேஸ் சிலிண்டர் வண்டி தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டால் யாரும் பின்னால் ஓடி மெனக்கெட மாட்டார்கள். காந்திமதியிடம் வந்து சொல்வார்கள். அவள் கேட்டருகே நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், வண்டி தானாக ரிவர்ஸ் எடுக்கும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் ஜீவானந்தம், கல்யாணமான புதிதில் "கொஞ்சம் மெதுவா பேசேன்" என்று சொல்லிப் பார்த்தவர்தான். அந்தக் குரலுக்கு அடங்கிப் போவதே உடம்புக்கு நல்லது என்று சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டார்.

அவர்கள் வீட்டு மாடியில் எப்போதும் ஏர்ஃபோர்ஸ் குடும்பம்தான் குடியிருக்கும். ஒருவர் மாற்றலாகிப் போகும்போதே அடுத்தவரைக் கைகாட்டிவிட்டுப் போவார். இப்படியே இந்தியாவில் பாதி அந்த மாடிப்படியில் ஏறி இறங்கிவிட்டது. பஞ்சாபிப் பெண் ஒருத்தி பௌர்ணமி கழிந்த நாலாம் நாள், பட்டினி கிடந்து, நிலாவையும் புருஷன் முகத்தையும் சல்லடை வழியாகப் பார்க்க வேண்டும் என்றாள். காந்திமதி தன் மாவுச் சல்லடையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரரைச் சலிச்சா பாதிகூடத் தேறாது" என்று கூடவே ஒரு வார்த்தையும் கொடுத்தாள். வங்காளிக் குடும்பம் பூஜை முடிந்த கையோடு மீன் பொரித்தபோது முதலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு மீன்தான் மங்கலம் என்று தெரிந்ததும், தாம்பரம் மார்க்கெட்டில் எந்தக் கடையில் நல்ல கெண்டை கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னவளும் அவள்தான். இத்தனைக்கும் அவள் வீட்டு அடுப்பில் முட்டைகூட வேகாது.

எந்த ஊர், என்ன ஜாதி, கவிச்சி சமைப்பீர்களா என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி ஒன்றையும் அவள் கேட்டதில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றுதான் கேட்பாள். "உங்க ஊர்ல எது செஞ்சா மனசு கஷ்டப்படும்? அதை மொதல்ல சொல்லிடு. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்." வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் இதை ஒருமுறை கேட்டுப் பார்த்தால் ஊரில் பாதிச் சண்டை குறையும். யார் கேட்கிறார்கள்!

போன வருஷம் ரேணு குடிவந்தாள். பீகார்ப் பெண். கணவன் விகாஸ் ஏர்ஃபோர்ஸில் இருந்தான். மூன்று வயதில் பரி என்று ஒரு மகள். ரேணுவின் தமிழ் காய்கறி வாங்கப் போதும், சண்டை போடப் போதாது. காந்திமதி தன் கேள்வியைக் கேட்டபோது ரேணு சிரித்து, "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, நீங்க நல்ல ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு ரேணு ஒரு செய்தியுடன் இறங்கி வந்தாள். அவர்கள் ஊரில் சத் பூஜை என்று சூரியனுக்கு ஒரு விரதம் உண்டு. அதுவரை அந்த விரதத்தை மாமியார் இருந்து வந்தார். அவருக்கு முழங்கால் போய்விட்டது, தண்ணீரில் நிற்க முடியவில்லை. ஆகவே போனிலேயே மருமகள் கையில் ஒப்படைத்துவிட்டார். எடுத்தால் நடுவில் விடக்கூடாத விரதம். அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள் பகலெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் தனியாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலும் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. சஷ்டியன்று தண்ணீரில் நின்று, மறைகிற சூரியனுக்குப் பால் வார்த்து அர்க்கியம். மறுநாள் விடியலில், எழுகிற சூரியனுக்கு. எல்லாம் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்.

"சஷ்டியா!" என்று காந்திமதி போட்ட சத்தத்தில் பரி அழத் தொடங்கிவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், அதே நாட்களில் காந்திமதி ஆறு நாள் கந்த சஷ்டி விரதம் இருப்பவள். பகலெல்லாம் பட்டினி, ராத்திரி பாலும் பழமும். ஆறாம் நாள் சாயங்காலம் குன்றத்தூர் மலைக்குப் போய்ச் சூரசம்ஹாரம் பார்ப்பாள். பல வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்தவள்தான் மகள் சத்யபிரியா. அன்றிலிருந்து மழையோ காய்ச்சலோ, காந்திமதி ஒரு சஷ்டி தவறியதில்லை. இந்த வருஷம் தவறவே கூடாது. சத்யபிரியா பூனாவில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். ரத்தக்கொதிப்பு கூடுகிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அங்கே சூரியன், இங்கே முருகன், இரண்டு பேருக்கும் ஒரே திதி, இரண்டும் பிள்ளைக்காக! காந்திமதிக்கு ரேணுவின் மேல் சொந்தமே வந்துவிட்டது. மார்க்கெட்டுக்குப் போய் மூங்கில் முறம் வாங்கி வந்தாள். இலையோடு கரும்பு வேண்டும் என்றாள் ரேணு. பொங்கலுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போது கரும்புக்கு எங்கே போவது? காந்திமதி மூன்று கரும்பு ஜூஸ் கடையில் விசாரித்து, தோகை வெட்டாமல் வரவழைக்கச் சொல்லி, ஐந்தாம் நாள் சாயங்காலம் இரண்டு கழிகளை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. மாடிப்படியின் கீழே நின்று தலையைத் தூக்கினாள்.

"ரேணூ! கரும்பு கெடச்சிடுச்சு! தோகையோட!"

எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். மாடியிலிருந்து பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ரேணு கதவைத் திறந்து வந்து, கரும்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாள்.

மறுநாள் சஷ்டி. வங்கக் கடலில் புயல் என்றார்கள், விடியும்போதே மழை. விகாஸைப் புயல் வேலைக்கு முந்தின நாளே வெளியூர் அனுப்பிவிட்டார்கள். பீகார்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வேன் வைத்து ஏரிக்கரைக்குப் போவதாக இருந்த ஏற்பாடும் ரத்தானது. அவரவர் வீட்டிலேயே செய்துகொள்வதென்று முடிவு. காந்திமதி மாடிக்குப் போனபோது ரேணு சுவரில் சாய்ந்து, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கண்ணு, இப்பவே இப்படி ஆயிட்ட? நேத்து சாயங்காலம் நல்லாத்தான சாப்ட்டிருப்ப?"

அடுப்பு மேடையில் வெல்லம் போட்ட பாயசமும் ரொட்டியும் அப்படியே மூடியிருந்தன. காந்திமதி மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு வாய்தான் எடுத்திருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"அது… ரூல் ஆன்ட்டி. கதவு மூடி சாப்பிடணும். யாரு சவுண்டும் வரக்கூடாது. சவுண்ட் வந்தா ஸ்டாப். அதுக்கு மேல சாப்பிடக்கூடாது."

"யாரு சவுண்டு வந்துச்சு?"

ரேணு தரையைப் பார்த்தாள். பரி வந்து அம்மாவின் மடியில் ஏறினாள்.

"என் சவுண்டா?"

"பரவால்ல ஆன்ட்டி. நீங்க கரும்பு கொண்டாந்தீங்க."

எது செய்தால் கஷ்டப்படும் என்று கேட்டுக் கேட்டு வைத்திருந்த காந்திமதி, யாரும் சொல்லாத ஒன்றைச் செய்துவிட்டாள். அந்தப் பெண் முந்தாநாள் சாப்பாட்டோடு நிற்கிறாள். இன்னும் ஒரு பகலும் ஓர் இரவும் கிடக்கிறது. இனிமேல் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் விரதம் முறிந்துபோகும். கொடுக்காவிட்டால் இவள் விழுந்து வைப்பாள்.

"யாரு வராங்க, அர்க்கியத்துக்கு?"

"யாரும் இல்ல. நான் முறம் புடிச்சிட்டு தண்ணில நிக்கணும். முன்னாடி ஒருத்தர் பால் ஊத்தணும். விகாஸ் இருந்தா ஊத்துவாரு." ரேணு சிரிக்கப் பார்த்தாள். "பரி ஊத்துவா."

கீழே குன்றத்தூருக்குப் புறப்படும் பையை ஜீவானந்தம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். காந்திமதி பூஜை அறை வாசலில் வெகுநேரம் நின்றாள். பூனாவில் படுத்திருக்கும் மகளின் முகம் வந்தது. போகாவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாள். அவள் நம்புகிறவள். நம்பிக்கையில்லாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அவளுக்கு அது உயிர்.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

"நீ?"

"மாடில ஆளு வேணும்."

"சத்யாவுக்கு வேண்டிக்கிட்டதுடி. முருகன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. ஒருத்தி சோத்துல என் வாயால மண்ணைப் போட்டுட்டேன், அதனால வரலன்னு சொல்லுங்க."

அன்று தெரு ஓர் அதிசயத்தைக் கண்டது. காந்திமதி கிசுகிசுப்பாகப் பேசினாள். தள்ளுவண்டி கீரைக்காரர் பயந்தே போனார். "இன்னாக்கா, தொண்ட கட்டிக்கினுச்சா? இல்ல வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டார். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய், காம்பவுண்டு ஓரம் கிடந்த ஹாலோ பிளாக் கல்லையெல்லாம் ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்குச் சுமந்தாள். கல்லைச் சதுரமாக அடுக்கி, நடுவில் தார்ப்பாய் விரித்து, போர் தண்ணீரை ஓஸ் வைத்து நிரப்பினாள். முட்டிவரை தண்ணீர் நின்றது. வயதான உடம்பு, அதிலும் ஆறாம் நாள் பட்டினி. நடுவில் இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குடத்தில் தண்ணீர் இருந்தது. குடிக்கவில்லை. அவள் விரதத்தில் தண்ணீர் குடிக்கலாம், தடையில்லை. ஆனாலும் குடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

சாயங்காலம் தூறலில், மூக்கு நுனியிலிருந்து வகிடு வரை ஆரஞ்சுக் குங்குமம் தீட்டிக்கொண்டு, ரேணு தண்ணீரில் இறங்கினாள். முறத்தில் கரும்பு, தேங்காய், வாழைப்பழம், கோதுமை மாவில் வெல்லம் பிசைந்து பொரித்த டேகுவா. மேற்கே பார்த்தால் மேகத்தைத் தவிர எதுவும் இல்லை.

"எங்க கண்ணு இருக்காரு உன் சூரியன்?" என்று காந்திமதி மெல்லக் கேட்டாள்.

"இருக்கார் ஆன்ட்டி. நமக்குத்தான் தெரியல."

காந்திமதி சொம்பிலிருந்து பாலை ஊற்றினாள். ரேணு முறத்தோடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டாள், உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. இந்நேரம் குன்றத்தூரில் சூரன் விழுந்திருப்பான் என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட முடியவில்லை, சொம்பு இருந்தது.

இரவு ஜீவானந்தம் நனைந்து வந்து விபூதி கொடுத்தார். காந்திமதி அதைப் பூசிக்கொண்டு, பரியைத் தன்னருகே படுக்கவைத்துத் தூங்கப் பண்ணினாள். அவர் கொண்டுவந்த பிரசாதத்தைத் தொடவில்லை.

விடியலில் மழை வலுத்திருந்தது. இந்த முறை ரேணுவால் நிற்க முடியவில்லை. முறத்தைத் தூக்கினாள், அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காந்திமதி புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். பின்னால் நின்று ரேணுவின் இடுப்பை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"என் மேல சாஞ்சுக்கோ. நான் விழமாட்டேன்."

ஜீவானந்தம் குடையைப் பிடித்துக்கொண்டு பரியோடு ஓரமாக நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவருக்கே தெரியாது. வெயில் வரவில்லை. வெளிச்சம் வந்தது. தென்னைமரங்கள், தண்ணீர்த் தொட்டிகள், கேபிள் ஒயரில் நனைந்த காக்கை எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ரேணு முறத்தைத் தூக்கினாள். காந்திமதி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பாலை ஊற்றினாள்.

முடிந்தது. ரேணு ஒரு துண்டு இஞ்சியைக் கடித்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். காந்திமதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விரதம் முடித்தவளின் காலைப் பெரியவர்களும் தொட்டுக் கும்பிடுவது அவர்கள் வழக்கம் என்று முந்தின நாளே ரேணு சொல்லியிருந்தாள். உங்களுக்கு அது வேண்டாம் ஆன்ட்டி என்றும் சொல்லியிருந்தாள். காந்திமதி ஈரப் புடவையோடு குனிந்தாள்.

ஜீவானந்தம் பதறிவிட்டார். "ஏய், என்ன பண்ற? வயசுல சின்னவ. பெரியவங்க அவ கால்ல விழுந்தா அவ ஆயுசுக்கு ஆகாது!"

காந்திமதி பாதியில் நின்றாள். அவளும் அப்படித்தான் நம்பி வளர்ந்தவள். ரேணுவை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னிக்கு இது ரேணு இல்ல ஆன்ட்டி" என்றாள் அவள், தன் நெஞ்சைத் தொட்டு. "மையா. சாமி அம்மா."

காந்திமதி மண்டியிட்டு அந்த ஈரக் காலில் நெற்றியை வைத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது.

"தப்பு பண்ணிட்டேன் தாயே. குன்றத்தூருக்கும் போகல. என் பொண்ணுக்கும் சேத்துக் கேளு தாயே."

ரேணு அவள் தலையில் கையை வைத்தாள்.

"நேத்து சாயங்காலமே கேட்டுட்டேன் ஆன்ட்டி. மொதல்ல சத்யா அக்கா பேரு. அப்புறம்தான் பரி."

காந்திமதி எழுந்திருக்கவில்லை. ஜீவானந்தம்தான் குடையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளைக் கைகொடுத்துத் தூக்கினார்.