வெள்ளைக் காரின் டிக்கி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது சாமி வந்தது என்று ஓடி வந்து சொன்னால், முதலில் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்க்கிற புத்தி எனக்கு. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் நான் வருத்தப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், பிற்பகல் மூன்று மணிக்கு, நான்கு பேர் கண்ணெதிரே. அந்த நால்வரில் ஒருத்தி நான் என்பதுதான் என்னுடைய சங்கடம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. டிக்கோயாவில், அட்டன் பாதை வளைகிற இடத்தில், என் கணவர் ஒரு சிறிய கராஜ் வைத்திருந்தார். ஊரே அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். ஒருநாள் வட்டவளையிலிருந்து கருப்பையா என்கிறவர் லாரியில் ஒரு கார் உடம்பைக் கொண்டுவந்து இறக்கினார். சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, அடிச்சட்டம் இல்லை, வெறும் ஓடு. என் கணவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"தகரம் இல்லையே. என்னய்யா இது, தொர குளிக்கிற தொட்டியா?"

"தொட்டியா! இது எங்க வெள்ளக்காரத் தொர ரேஸ் ஓடுன காருங்க. நான்தான் அவருக்கு டைவர். அவரு சீமைக்குப் போறப்ப இத எனக்கு வுட்டுட்டுப் போனாரு. கண்டியில ஒரு ஆளு கேக்குறாரு. பின்பக்கம் மட்டும் பாறை உருண்டு ஒடைஞ்சிருக்கு. வெளியில பூசிக் குடுத்தாப் போதும். டிக்கிக்குள்ள தார் அடிச்சிருக்கேன், அதத் தொட வேணாம்."

அது பைபர்கிளாஸ் என்பது தெரிந்தது. இன்ன வண்டி என்பது தெரியவில்லை. என்ன வண்டி என்று தெரியாமல் எந்த அடிச்சட்டத்தில் ஏற்றுவது? அந்தத் தேடலை நான் எடுத்துக்கொண்டேன். பங்களாக்களில் கழித்துப் போடுகிற ஆங்கில மோட்டார் சஞ்சிகைகளை அட்டனில் ஹமீத் நானா நிறுத்து வாங்கி, தம் கடையில் கருவாடு சுற்றுவார். மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன்.

"என்ன டீச்சர், கருவாடு வேணாம், சுத்துற கடதாசி மட்டும் வேணும். இப்புடி நாலு பேர் வந்தா நான் கடைய மூட வேண்டியதுதான்" என்பார்.

மூன்றாவது சனிக்கிழமை படம் அகப்பட்டது. அதே நீள்வட்ட வாய், முன் மூடியின் நடுவே அதே முதுகெலும்பு போன்ற மேடு. பழைய சின்னக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, மேல் ஓட்டை மட்டும் தபாலில் வரவழைத்து, வீட்டிலேயே பொருத்திக்கொள்கிற வகை. அடுத்த பக்கத்தில் ஓட்டைப் பழுதுபார்க்கும் முறையும் இருந்தது. அந்தத் தாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெளியிலிருந்து அடி விழுந்தால் மேல்பூச்சு வளையம் வளையமாக வெடிக்குமாம், குளத்தில் கல் விழுந்ததுபோல. உள்ளிருந்து அடி விழுந்தால் நட்சத்திரம்போலக் கீறிட்டு விரியுமாம்.

இங்கே புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கராஜில் பெயின்ட் தேய்க்க வந்துகொண்டிருந்தவள். அந்தத் துரையின் தோட்டத்தில்தான் கொழுந்து பறித்தவள். அவளுடைய இரண்டு பிள்ளைகள், முருகனும் வள்ளியும், என் வகுப்பில் படித்தார்கள். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவள் கணவன் ஆறுமுகம், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லாரும் பார்க்கத் துரையின் சட்டையைப் பிடித்துவிட்டான். அன்று இரவிலிருந்து ஆளைக் காணோம். இந்தியாவுக்கு ஓடிவிட்டான் என்று தோட்டத்தில் சொல்லி, அவள் பெயரையும் வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள். கடிதம் ஒன்றும் வரவில்லை. இப்போது அவள் அண்ணன் குடும்பத்தோடு கப்பலேறப் போகிறார். 'நீயும் பிள்ளைகளோடு வா, அங்கே போய் அவனைத் தேடலாம்' என்று நச்சரிக்கிறார். கருப்பையா வண்டியை எடுக்க வருவதாக இருந்த அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

"உசிரோட இருக்காருன்னா போவேன் டீச்சர். இல்லேன்னா இந்த மண்ண விட்டு எதுக்குப் போகணும்? எனக்கு அது ஒன்னுதான் தெரியணும்" என்பாள்.

வேலை தொடங்கியது. தகரத்தைப் போல வெளியில் தட்டி எடுக்கிற சங்கதி இல்லை இது. உடைந்த இடத்துக்கு உள்பக்கமாகத்தான் கண்ணாடி நாரை வைத்து ரெசின் பசை பூச வேண்டும். கருப்பையாவுக்கு இது தெரிந்திருக்காது. தாரை எடுக்காமல் முடியாது என்று ஆனதும், நான் கையை நுழைத்து உள்பக்கத்தைச் சுரண்டினேன். வெளிப்பக்கத்தைப் புஷ்பம் தேய்த்தாள். வெள்ளைப் பெயின்ட் போன இடத்தில் வெடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஒரு வளையம்கூட இல்லை. அத்தனையும் நட்சத்திரங்கள்.

தாருக்குக் கீழே சொரசொரப்பான நாரில் கீறல்கள். நாலு நாலு கோடுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாக. சில கோடுகளின் முடிவில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. விளக்கைப் பிடித்துக் காட்டினேன். புஷ்பம் வெகுநேரம் பார்த்தாள்.

"இது நகம், டீச்சர்" என்றாள். பிறகு, "அவருதான்" என்றாள்.

என் கணவர் உடனே கருப்பையாவைப் போய்ப் பிடிக்கலாம் என்றார். அவள் தடுத்துவிட்டாள். "வேணாம்ணே. நல்லாப் பூசி வைங்க. அந்த ஆளு கையாலயே தொடட்டும். உண்மை அந்த ஆளு வாயால வரணும்."

எங்கள் குளிரில் ரெசின் இறுகாது. ஓட்டுக்குக் கீழே இரண்டு கரியடுப்புகளை வைத்து, சாக்கால் மூடி, இரண்டு நாள் காயவைத்தோம். மேலே வெள்ளைப் பூச்சு. வெள்ளிக்கிழமை பார்த்தால் கோழி முட்டையைப் போலப் பளபளத்தது. பின்னால் நடந்ததைக் கேட்டு, பூச்சு சூட்டினால் வெடித்திருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், பல வருடங்கள்.

மூன்று மணிக்குக் கருப்பையா வந்தார். பாதையை மூடிக்கொண்டு பனி இறங்கியிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வாயெல்லாம் பல்.

"அடேங்கப்பா பாஸ், கல்யாணப் பொண்ணு மாதிரில்ல ஆக்கிட்டீங்க!" என்று டிக்கியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளிருந்து ஓர் அடி விழுந்தது.

பலமான அடி அல்ல. ஆனால் அவருடைய கை பட்டிருந்த இடத்தில் வெள்ளைப் பூச்சு, எங்கள் கண்ணெதிரே, நட்சத்திரமாக வெடித்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். இரண்டாவது அடி. மூன்றாவது. பிறகு எண்ண முடியாதபடி, ஓய்வே இல்லாமல், மழை கூரையில் இறங்குகிற வேகத்தில். பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்து எங்கள் முகத்தில் விழுந்தது. என் உதட்டில் பட்ட சில்லின் தழும்பு இதோ இருக்கிறது, வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள்.

"நான் பூட்டலங்க!" என்று கருப்பையா அலறினார். "தொரதான் பூட்டுனாரு! நான் ஓட்டத்தான் ஓட்டுனேன்!"

சொல்லிக்கொண்டே கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து டிக்கியை அடிக்கத் தொடங்கினார். உள்ளிருந்து ஓர் அடி, வெளியிலிருந்து ஓர் அடி. என் கணவர் அவருடைய கையைப் பிடிக்கப் போனார். சம்மட்டி என் கணவரின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த மிலாறுக் குச்சி ஒடிவதைப் போல இருந்தது. கரியடுப்பு கவிழ்ந்து தணல் தரையெங்கும் உருண்டு சாக்கு பற்றிக்கொண்டது. அப்போதுதான் புஷ்பம் ஜாக் கம்பியைத் தூக்கினாள். அவ்வளவு அமைதியான பெண். கருப்பையாவின் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, மீண்டும் தோளில்.

"சொல்லு! எங்க கொண்டு போட்ட? சொல்லுடா!"

"நோட்டன் பிரிட்ஜ்... நோட்டன் பிரிட்ஜ் அணைத் தண்ணியில..." அவர் அடி வாங்கிக்கொண்டே டிக்கியை அடித்தார். "போற வழியெல்லாம் சத்தம் வந்துச்சு... பாலத்துக்கிட்டப் போறப்ப நின்னுருச்சு... தொறக்கணும்னு சொன்னேன், தொர அறைஞ்சாரு..."

ஓடு பிளந்தது. சம்மட்டி உள்ளே போக, அதன் பின்னே அவர் கையும் முழங்கைக்கு மேல் போய்விட்டது. உடைந்த பைபர் விளிம்பு கண்ணாடிக்குச் சமம். அவர் கையை வெளியே இழுக்கப் பார்த்தார், வரவில்லை. நம்பினால் நம்புங்கள், அவருடைய தோள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கால்கள் தணலின்மேல் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்க, உடம்பு முன்பக்கமாகப் போனது. வெள்ளைப் பூச்சில் இரத்தம் அகலமாக வழிந்தது. நானும் புஷ்பமும் இடுப்பைப் பிடித்து இழுத்தோம். ஏன் இழுத்தாய் என்று பிறகு ஒருநாள் அவளைக் கேட்டேன். "அந்த ஆளும் உள்ள போயிட்டா எங்க வீட்டுக்காரருக்கு எடம் பத்தாதே டீச்சர்" என்றாள்.

சட்டென்று விட்டது. மூவரும் பின்னால் விழுந்தோம். சத்தமும் நின்றது. பிளவு வழியாகப் பார்த்தேன். உள்ளே சம்மட்டி மட்டும் கிடந்தது.

கருப்பையா பிழைத்தார், அந்தக் கை பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் யார் கேட்டும் வாய் திறக்கவில்லை. கராஜில் விழுந்து அடிபட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறியதும் எங்கோ போய்விட்டார். துரையோ கடலுக்கு அப்பால். எங்களிடம் இருந்தது ஓர் உடைந்த ஓடு. அதையும் துண்டு துண்டாக அறுத்துப் புதைத்தோம்.

புஷ்பம் அன்று மாலையே அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பொட்டை அழித்தாள். நோட்டன் பிரிட்ஜ் தண்ணீரோரம் முருகனை உட்காரவைத்துக் கருமாதி செய்தாள். அழுது முடித்த முகத்தில் நான்கு வருடமாகப் பார்க்காத ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்து நானும் ஆறுதலடைந்தேன்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தியத் தபால்தலை. லயத்துக் கடிதங்களை வாசித்துச் சொல்வது ஆசிரியர் வேலை. பிரித்து, புஷ்பத்தின் முன்னால் உரக்க வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் யாருடைய கடிதம் என்பது எனக்கே புரிந்தது. ஆறுமுகம் எழுதியிருந்தான். பயத்தில் அன்றிரவே ஓடி வந்துவிட்டதாகவும், நோயில் கிடந்ததாகவும், முகம் காட்ட வெட்கமாக இருந்ததாகவும். பிள்ளைகளின் பெயர், லயத்துக் காம்பராவில் கூரை ஒழுகுகிற மூலை, அவர்கள் வளர்த்த ஆட்டின் நிறம், எல்லாம் சரியாக இருந்தன. மச்சான் வந்து சொல்லித்தான் தனக்குக் கருமாதி நடந்தது தெரியும் என்றும் எழுதியிருந்தான்.

புஷ்பம் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"அப்ப நான் யாருக்கு டீச்சர் பிண்டம் வச்சேன்?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோணலாகக் கூடிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த டிக்கிக்குள்ள என் தோள்கூடப் போகாது, கமலம். ஆம்பள ஆளு எப்புடிப் போவான்? சின்னப் புள்ளதான் அடங்கும்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். அந்தப் பொண்ணு அத்தன வருசமாக் கேட்டதுக்கு ஒரு பதில் கெடச்சிச்சு. அத எப்புடிப் புடுங்குறது?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. அந்த இடத்தின் அளவை என் கையும் அறிந்திருந்தது. அறிந்ததை நான் மனத்துக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். அதன்பின் எனக்குத் தெரிந்த தோட்டங்களிலெல்லாம் விசாரித்தேன். பங்களா வேலைக்கென்று எங்கிருந்தோ கொண்டுவந்த பிள்ளையோ என்னவோ. காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற ஒரு தாயைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிக்கிக்குள் இருந்தது ஒரு சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும் என்பதை ஒளிக்காமல் புஷ்பத்திடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அடுத்த மாதம் கணவனிடம் புறப்பட்டாள். அட்டன் ஸ்டேஷனில் காலை ரயில். வழியனுப்ப நான் மட்டும் போயிருந்தேன். முருகன் ஒரு பலகை இருக்கையில் மூட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்ப் பலகையில் ஜன்னலோரம் வள்ளி. அதே பலகையின் மறுமுனையில் புஷ்பம் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது.

"நல்லா உள்ள தள்ளி உக்காரேன், புஷ்பம்" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

ரயில் அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த வள்ளி, காலியான அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு வகுப்பில் முறையிடுகிற அதே குரலில் என்னிடம் சொன்னாள்:

"டீச்சர், இவன் தள்ளுறான்."