பத்தாயிரத்து ஒன்றுக்குப் போன மீசை

அந்த நாளில் மாரிகுப்பத்துச் சுரங்கம் ஒன்றில் நான் ஆஜர் எழுதும் ரைட்டர். கணக்கில் புலி என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். குழிக்குள் ஒருமுறைகூட இறங்கியதில்லை என்பதைக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

ஒரு வெயில் காலத்தில் எனக்குப் பகா எண் பித்துப் பிடித்தது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். பெரிதாக ஒன்று வேண்டுமென்று 10001ஐப் பிடித்தேன். நூற்றுக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் எதுவும் வகுக்காவிட்டால் இதுவும் பகா எண்தான். இரண்டில் தொடங்கி எழுபத்தொன்று வரை வந்தேன். ஒன்றும் வகுக்கவில்லை. கை வலித்தது. இத்தனை பேருக்கு மசியாதது மிச்சம் ஐந்து பேருக்கா மசியப்போகிறது என்று சிலேட்டை அழித்துவிட்டேன்.

ஷிப்டு மாறும்போது குழிவாயில் நின்று சவால் விட்டேன்: இந்த எண்ணை எவனாவது சரிபாதியோ சமபங்கோ போட்டுக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். வரும் ஞாயிறு என்னைப் பார்க்கப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. என் முகத்தில் பார்க்கும்படி இருந்ததும் அந்த மீசை ஒன்றுதான்.

குழிக்கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா ரைட்டரே, அது நம்ம தேங்கா கணக்காச்சே" என்றார்.

முதல் லெவலிலிருந்து மேலே வர ஏணியில் எழுபத்து மூன்று படி. புதிதாகச் சேர்ந்தவன் பத்தாயிரம் படி ஏறி முடித்தால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பது அவர்கள் வழக்கம். இறங்கும் படிகளை அம்மன் கணக்கில் சேர்ப்பதில்லை. நூற்று முப்பத்தேழாவது ஏற்றத்தில், கடைசிப் படிக்கு முந்தைய படியிலேயே பத்தாயிரம் நிறைந்துவிடும். ஏணியில் தொங்கிக்கொண்டு தேங்காய் உடைக்க முடியாதே. இன்னும் ஒரு படி ஏறி வெளியே வந்து உடைப்பார்கள். ஆக, பத்தாயிரத்து ஒன்று.

அங்கே நின்ற அத்தனை பேரும் தேங்காய் உடைத்தவர்கள். நான் மட்டும் எழுபத்து மூன்றை நூற்று முப்பத்தேழால் பெருக்கிப் பார்த்தேன். நாவிதரை அழைத்துவர நாலு பேர் ஓடினார்கள். வேலைக்கு அவர்கள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வாசலில் என் மழித்த உதட்டைப் பார்த்ததும் தலைப்பாகையைக் கழற்றினார். "அப்பா எப்ப தவறினாரு?" என்று தணிந்த குரலில் கேட்டார். அந்த நேரம் பார்த்து என் அப்பா வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்தார்.

"நான் இருக்கேங்க. போனது இவன் புத்திதான்."

கதை முழுவதையும் கேட்ட பெண்ணின் அப்பா, "எழுவத்தொண்ணு வரிக்கும் வந்தவரு, அடுத்ததயும் பாத்திருக்கலாமே?" என்றார். கை வலித்ததைச் சொன்னேன். மீசை முளைக்கட்டும் என்று எழுந்து போனார்.

அது முளைப்பதற்குள் 10007ஐ எடுத்துத் தொண்ணூற்றேழு வரை ஒன்று விடாமல் வகுத்தேன். அசல் பகா எண். விவரமாக அவருக்குக் கடிதம் எழுதினேன். உடனே பதில் வந்தது. பெண்ணைப் பூதிகோட்டையில் ஒரு விவசாயிக்கு நிச்சயம் செய்துவிட்டார்களாம். மாப்பிள்ளைக்கு நூறு வரை எண்ணத் தெரியுமாம். அவர்களுக்கு அது போதுமாம்.