பெயர் எழுதாத எட்டாயிரம்

இலங்கைக்குப் போகலாம் என்று என் மனைவி சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, “யார் உனக்குச் சொன்னது?” என்பதுதான். எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. இப்படிப்பட்ட யோசனை யாருக்கும் தானாக வராது, யாரோ காதில் போட்டிருப்பார்கள், போட்டவருக்கு அதில் ஏதோ கிடைக்கும் என்பது என் எண்ணம். நான் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவன். கிளியூர் போகிற வழியில், எங்கள் வீட்டோடு சேர்ந்த நான்கு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். வண்டி என் பொறுப்பு. அறைகளும் சமையலும் அவள் பொறுப்பு. பதினெட்டு வருடம் இந்தப் பிழைப்பில் இருந்தவனுக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காதில் போட்டவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வருடம் தவறாமல் எங்களிடம் வந்து தங்கும் ஒரு தம்பதி. இலங்கை போய் வந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினார்கள். செலவு கொஞ்சம்தான், நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும், தமிழ் பேசுகிற டிரைவர், தங்கமான மனுஷன் என்று சொல்லி அவருடைய எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தங்கமான மனுஷன் என்று என்னைப் பற்றியும் நான்கு பேர் நெட்டில் எழுதியிருக்கிறார்கள். அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும்.

அவர்கள் கிளம்பிய பிறகு, அந்த அறையின் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டே அவள் சொன்னாள்.

“ஏனுங்க, பதினெட்டு வருசமா மத்தவிங்களுக்குப் படுக்கை விரிக்கறேன். ஒரு அஞ்சு நாளைக்கு வேற யாராச்சும் விரிச்ச படுக்கையில படுத்து எந்திரிக்கோணும். காலையில யாராச்சும் எனக்கு டீ கொண்டாந்து தரோணும். அவ்வளவுதானுங்க.”

“அதுக்கு எதுக்குப் புள்ள கடல் தாண்டோணும்? கொடைக்கானல் போயிட்டு வந்தா ஆச்சு.”

“மலையில இருந்து எறங்கி இன்னொரு மலை ஏறவா? எனக்குக் கடலுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மே மாத சீசன் முடிந்ததும் ஐந்து நாள் அறைகளைப் பூட்டிவிட்டுப் போவது என்று அவளே முடிவு செய்து, கணக்குப் போட ஆரம்பித்தாள். பழைய கஸ்டமர் நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள். சேலம் வரை நம் ஜீப். அங்கிருந்து நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு பஸ். திருச்சியில் விமானம். அங்கே இறங்கியதும் அந்த டிரைவரின் வண்டி, கடற்கரையில் மூன்று இரவு, நடுவில் ஓர் ஊரில் ஒரு இரவு.

நான் ஒவ்வொரு வரியிலும் மூக்கை நுழைத்தேன். விமானக் கட்டணம் ஏன் இவ்வளவு குறைவு? விசாரித்தால் கையில் ஏழு கிலோதான் கொண்டு போகலாமாம், அதற்கு மேல் பெட்டி போட்டால் தனிக் காசு. பார்த்தாயா என்றேன். அவள் இரண்டு சேலையையும் என் இரண்டு சட்டையையும் ஒரு பைக்குள் வைத்து, காபிக்கொட்டை எடை போடுகிற தராசில் தூக்கி வைத்துக் காட்டினாள். ஐந்தே கால் கிலோ. விசாவுக்குக் கட்டணம் உண்டு என்றார் ஒருவர், இல்லை என்றார் இன்னொருவர். நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. அவளே உட்கார்ந்து தேடி, அரசாங்கத்தின் பக்கம் எது, அதைப் போலவே செய்து வைத்திருக்கிற போலி எது என்று கண்டுபிடித்தாள்.

தங்கும் அறையின் படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்தால் எந்த அறையும் பெரிதாகத் தெரியும். எங்கள் அறைகளை நான் அப்படித்தான் எடுத்தேன். ஜன்னல் வழியாகத் தெரியும் பள்ளத்தாக்கு என்று நாங்கள் போட்டிருக்கும் படம், பக்கத்து எஸ்டேட்டின் மேட்டில் ஏறி எடுத்தது. கடற்கரை பத்து நிமிட நடை என்று அந்த அறைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஏரியும் பத்து நிமிடம்தான், நாங்கள் எழுதியபடி. கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று போனில் கேட்கிறவர்களுக்கு நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. பாறையில் ஈரம் இருந்தால் அது தண்ணீர்தானே.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான், தலையில் அடித்துக்கொள்வாள். தெரியாதது ஒன்று இருந்தது. ஏற்காட்டைச் சுற்றி வரும் லூப் ரோட்டில் பயணிகளைச் சுற்றிக் காட்டும்போது, மிளகு, தேன், காபித்தூள் விற்கும் ஒரு கடையில் நான் வண்டியை நிறுத்துவேன். “இங்க சுத்தமா இருக்குமுங்க, ஏமாத்த மாட்டாங்க” என்பேன். அவர்கள் வாங்கியதில் எனக்கு ஒரு பங்கு சாயங்காலம் வந்துவிடும். அவள் ஞாயிறு சர்ச் பூசை தவறாதவள். அறையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கம்மலைத் தன் கைக்காசில் பார்சல் போட்டு அனுப்பியவள். அவளிடம் கமிஷன் என்று எப்படிச் சொல்வது? வண்டி காத்து நின்றதற்கு வெயிட்டிங் சார்ஜ் என்று சொல்லித்தான் அந்தப் பணத்தை அவள் கையில் கொடுத்து வந்தேன். அவளும் வாங்கி வைப்பாள்.

ஆகவே அந்த இலங்கை டிரைவரை நான் எப்படி நம்புவேன்? அவர் அங்கே இருக்கிற நான். ஐந்து நாளைக்கு அவர் சொன்ன வாடகை என் கணக்குக்கு மிகவும் குறைவாக இருந்தது. குறைத்துச் சொல்கிறவன் வேறு எங்கோ எடுப்பான். அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய நோட்டில் கடைசி வரி கண்ணில் பட்டது. மற்ற எல்லா வரியிலும் பஸ், விமானம், ரூம், சாப்பாடு என்று எழுதியிருந்தாள். கடைசியில் எட்டாயிரம் மட்டும் இருந்தது, எதற்கு என்று எழுதவில்லை.

“இது என்ன புள்ள?”

“அதுவும் செலவுதானுங்க.”

“என்ன செலவு?”

“போற எடத்துல ஆகற செலவு” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுவதாக எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்கு அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. வேறு யாருக்காவது கொடுக்கப் போகிறாளா, அந்த டிரைவர் முன்பணம் என்று ஏதாவது கேட்டிருக்கிறாரா, அவள் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா என்று இருக்கிற எல்லாச் சந்தேகமும் வந்தது. அவள் வேறு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள்.

டிக்கெட் போடவேண்டிய நாள் காலையில், பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் போனைக் கடன் வாங்கி, அந்த டிரைவரை நானே கூப்பிட்டேன். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், நானும் மனைவியும் வருகிறோம் என்றேன். அதே ஐந்து நாள், அதே ஊர்கள், அதே வண்டி. அவர் மரியாதையாக, நிதானமாக ஒரு தொகை சொன்னார். எங்களுக்குச் சொன்னதைவிட ஐயாயிரம் அதிகம்.

முகம் தெரியாத ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஐயாயிரம் குறைத்து ஒரு விலை. காரணமில்லாமல் யார் குறைப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் சரியில்லை, எனக்கு வாசனை தெரியும் என்றேன்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

“சரிங்க. இந்தத் தடவ வேண்டாம்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் கேக்க மாட்டேனுங்க” என்றாள். துவைத்து மடித்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு மேல் அறைகளுக்குப் போனாள். அவளுடைய போன் மேசையிலேயே இருந்தது. அவள் சொன்னதைச் செய்கிறவள். இனி கேட்கவே மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? அந்த டிரைவருக்கு வரவில்லை என்று நானே சொல்லிவிடலாம் என்று அவள் போனை எடுத்தேன். சொல்வதற்கு முன்னால், அவர்கள் என்னதான் பேசினார்கள் என்று அவளுடைய குரல் பதிவைப் போட்டேன்.

“அண்ணா, ஒரு விசயமுங்க. நீங்க எந்தக் கடையில வண்டிய நிறுத்தினாலும் நாங்க எறங்கறோம். எதாச்சும் வாங்கறோம். அதுக்குன்னே எட்டாயிரம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். உங்களுக்கு வர்றது உங்களுக்கு வரட்டும். ஆனா எங்க ஊட்டுக்காரரு முன்னால கமிஷன்னு ஒரு வார்த்தை வந்துரக் கூடாதுங்க. அவரும் இங்க அப்படித்தான் ஆளுங்கள கடைக்குக் கூட்டிட்டுப் போறாரு. எங்க மேல் ரூமு ரெண்டும் அந்தக் காசுல கட்டுனதுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டு இருக்காரு. தெரிஞ்சா நொம்ப வெக்கப்படுவாரு. யாரோ நமக்காக ஏமாந்தாங்க, நாமளும் ஒருக்கா ஏமாந்துட்டு வரலாமுங்க.”

அதற்கு அடுத்து அந்த டிரைவரின் பதில். முதலில் அவர் சிரிக்கும் சத்தம். “சரி அக்கா. கடைக்கு வாறதா இருந்தா நான் வாடகையில ஐயாயிரம் குறைச்சுக்கிறன். உங்க இந்தியக் காசுக்குத்தான் சொல்றன். ஐயாட்ட ஒண்டும் சொல்லமாட்டன்.”

போனை இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன். எத்தனை வருடமாக அவளுக்குத் தெரியும்? வெயிட்டிங் சார்ஜ் என்று நான் நீட்டிய ஒவ்வொரு சாயங்காலமும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கியது நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, என் மானம் போய்விடக் கூடாது என்று கடல் தாண்டி ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் அவள் கெஞ்சியதுதான் உறுத்தியது. டிக்கெட் போட்டேன். திரும்பி வருவதற்கும் சேர்த்து.

பிறகு மாடிக்குப் போனேன். அவள் மெத்தையின் மேல் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்து மூலையை அடியில் செருகினேன். சுருக்கம் விழுந்தது. அவள் இந்தப் பக்கம் வந்து அதை எடுத்துச் சரியாகச் செருகினாள்.

“டிரைவரண்ணனுக்கு வரலைன்னு சொல்லிட்டீங்களா?”

“இல்ல. டிக்கெட் போட்டாச்சு.”

அவள் தலையணையை எடுத்தாள்.

“புள்ள, அந்த எட்டாயிரம் பத்தாது” என்றேன். “எனக்கு அந்தத் தொழில் தெரியும். பத்தாயிரமா எழுதிக்க.”

அவள் கை அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலையணைக்கு உறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“வெயிட்டிங் சார்ஜுன்னு எழுதிக்கட்டுங்களா?”