ஒன்பது மணி நேரக் கிணறு

அறுபதுகளின் நடுவில் அவிநாசிப் பக்கம் சலவைப்பட்டறை போட இடம் தேடினேன். பனியன் துணியை வெளுக்க நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் ஊர்த் தண்ணீரில் துணி மஞ்சளாகவே நின்றது. அக்காவின் கணவர், என் மச்சான், தன் தோட்டத்துக் கிணற்றை விலைக்குத் தருவதாகச் சொன்னார். வெளியாளிடம் வாங்காமல் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தது.

எங்கள் பக்கம் ஒரு கிணறு எத்தனை மணி நேரம் ஓடும் என்றுதான் கேட்பார்கள். விடிந்ததும் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை கரையில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் பார்ப்பதோடு சரி. அன்று அக்கா கம்பஞ்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே நின்றாள். மிளகாய்ச் செடிகள் வாடிக் கிடந்தன.

"ஏனுங்க மச்சான், செடியெல்லாம் இப்பிடி வாடிக் கெடக்குதுங்க?"

"மோட்டாருக்குக் காயில் கருகிப் போயிருச்சு மாப்பிள்ளை. பதினஞ்சு நாளா தண்ணி பாய்ச்சலை. நேத்துத்தான் கட்டிக் கொண்டாந்து மாட்டுனேன்."

ஐயோ பாவம் என்று அவருக்காக வருத்தப்பட்டேன். என்னைவிட மடையன் எவனும் இருந்திருக்க முடியாது. கிணறு ஒன்பது மணி நேரம் ஓடியது. ஒரு நாள் வெளுப்புக்கு எட்டு மணி நேரத் தண்ணீர் போதும். எனக்கிருந்த தோட்டத்தை விற்று அதை வாங்கிப் பட்டறை கட்டினேன்.

முதல் வாரம் ஏழு மணி. அடுத்த மாதம் ஐந்து. பிறகு மூன்றரை. தினமும் ஓடிய நேரத்தைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தேன். கோடு சரசரவென்று இறங்கி, இரண்டரைக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. மழை பெய்தபோது ஒரு மணி ஏறியது; மழை விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. பாதித் துணியைத் திருப்பி அனுப்பினேன். ஊற்று அடைத்திருக்கும் என்று ஆள் விட்டுத் தூர்கூட வாரினேன். மச்சானும் கூடவே நின்று கவலைப்பட்டார்.

இரண்டாம் வருடம் என் மோட்டாருக்கே காயில் போனது. இரண்டு வாரம் கழித்துப் போட்டபோது ஒன்பது மணி ஓடியது. வேலையாட்கள் கும்மாளம் போட்டார்கள். நான் தாளை எடுத்துப் புள்ளி வைத்தேன். அந்த வாரமே ஏழு, அடுத்த மாதம் ஐந்து. முதல் வருடக் கோட்டின் மேல் இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தேன், அச்சாக ஒன்றுபோல இறங்கியது. சும்மா விட்டால் பாறையின் இடுக்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்கிறது. முதலில் ஓடுவது அந்தச் சேமிப்பு. அந்தப் பாறை தினமும் தரக்கூடியது இரண்டரை மணி மட்டும்தான்.

தாளைச் சுருட்டிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் இல்லை. அவர் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தி வைத்து என்னை ஏமாற்றிவிட்டார், பாவம், அக்காவுக்கு என்ன தெரியும், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். தாளை விரித்துக் கோட்டைக் காட்டினேன்.

அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

"இதுக்கா ரண்டு வருசம் கோடு போட்டுட்டிருந்தே? அது எப்பவுமே ரண்டரை மணிக் கெணறுதான் கண்ணு."

"உனக்குத் தெரியுமா? அப்பறம் ஏங்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லிப்போட்டா நீ எப்பிடி வாங்குவே?" என்றாள்.