ஈரம் காயாத தொட்டிகள்

பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். பழுதான உருப்படி ஒன்றைக் கையில் கொடுத்தால், தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போகமாட்டேன். அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஆடுகோடி வீட்டு பால்கனியில் என் மனைவி வளர்த்த ஆர்க்கிட் செடிகளின் இலை மஞ்சளாகத் தொடங்கியபோது, "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

ஆறு தொட்டிகள். மண் கிடையாது, அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு, வேர் காற்றாட இருக்கவேண்டிய செடி. வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் போதும். நான்கு வருடமாக அதைத் தவறாமல் ஊற்றி, பூக்கவைத்து, பக்கத்து வீட்டாரை வயிறெரிய விட்டவள் அவள். முதலில் அடி இலை ஒன்று பழுத்தது. வயசான இலை, உதிரட்டும் என்று விட்டோம். பிறகு நடு இலையும் மஞ்சளாகி, துவண்டு, சுருக்கம் விழுந்தது.

தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. பொருள் கெட்டால் நான்கு இடத்தில் தேடவேண்டும்: ஆள், மிஷின், மூலப்பொருள், செய்முறை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. அப்படியே செய்தேன். வெயில் அதிகமோ என்று பச்சை வலை கட்டி, பதினைந்து நாள் பார்த்தேன். இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துத் தேடினேன். மாவுப்பூச்சி ஒன்றுகூட இல்லை. உரத்தை நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவளிடமே விட்டிருந்தேன். கரி பழசாகிவிட்டதென்று, செடியை அசைக்காமல் மேல்கரியை மட்டும் மாற்றினேன். இருபத்தொன்பது வருட அனுபவத்துக்குச் செடி தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டு தொட்டி செத்த பிறகு, மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனேன். அங்கிருந்தவர் செடியை அப்படியே உருவி வேரைக் காட்டினார். பழுப்பாக இருந்தது. விரலால் அழுத்தியதும் தோல் கழன்று வந்தது.

"நீரு ஜாஸ்தி சார். வேரெல்லாம் அழுகிடுச்சு. வேரு போனா இலைக்குத் தண்ணி எப்படி ஏறும்? அதான் சுருங்குது. வீட்ல யாரு ஊத்துறாங்க?"

"என் வீட்டுக்காரம்மா. வாரத்துக்கு ரெண்டே நாள்தான்."

"சான்சே இல்ல சார். இது தினமும், அதுவும் ரெண்டு மூணு வாட்டி ஊத்தின வேரு."

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "நான் இன்னாத்துக்குத் தெனம் ஊத்தப்போறேன்?" என்றாள். மர்பி டவுனில் பிறந்தவள். கோபம் வந்தால் அந்தப் பேட்டைப் பேச்சு முழுசாக வந்துவிடும். "ஏன்டி பொய் சொல்ற?" என்று கத்திவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து வேவு பார்த்தேன். ஏழு மணிக்குச் சொம்போடு போய் எல்லாத் தொட்டிக்கும் ஊற்றினாள். ஏழரைக்கு, பாத்திரம் கழுவிய கையைத் துடைத்தபடி மறுபடி வந்தாள். "ஐயோ, இதுங்களுக்கு இன்னும் தண்ணியே ஊத்தலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஊற்றினாள். முதலில் ஊற்றிய தண்ணீரே தொட்டிக்கடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு மூன்றாவது தடவை. பேப்பரை மடித்து வைத்தேன். அவள் பொய் சொல்லவில்லை.

நான்கில் முதலாவது ஆள். அதை மட்டும் நான் சோதிக்கவே இல்லை. சாம்பாரில் இரண்டு தரம் உப்பு விழுந்ததையும், அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போனதையும், வயசாகிறது என்று சிரித்துத் தள்ளியிருந்தேன். இலையை லென்ஸ் வைத்துப் பார்த்தவன் கூட இருப்பவளைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். "எனக்கு இன்னா, பைத்தியமா?" என்று அழுதாள். மூன்று மாதம் கெஞ்சினேன், அதட்டினேன், மசியவில்லை. இருக்கிற செடியையாவது காப்பாற்றலாம் என்று சொம்பை ஒளித்துவைத்தேன். அவள் வீடு முழுக்கத் தேடித் திரிந்தாள். அந்தத் தவிப்பைப் பார்க்கமுடியாமல் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். செடி போனால் போகட்டும் என்று விட்டேன், ஒவ்வொன்றாகப் போயின.

கடைசித் தொட்டியில் குருத்தும் கறுத்து விழுந்தது. அவள் அதன் முன்னால் நின்று அழுதாள்.

"இன்னாங்க இது, இப்பிடிப் பூட்ச்சே. தண்ணி ஊத்தலியா நீங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மறந்துட்டேன்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. "உங்களுக்கு இப்பல்லாம் ரொம்ப மறதியா கீது. டாக்டராண்ட காட்டிடலாம். பயப்படாதீங்க, நானும் கூட வரேன்."

அன்றே டாக்டருக்குப் போன் செய்து விஷயம் முழுவதையும் சொல்லிவைத்தேன். மறுநாள் கிளம்பினோம். ஆட்டோவில் வழி முழுக்க அவள் என் கையை விடவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டர் அவளைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்க்கலாம்" என்றார்.

அவள் என்னை முழங்கையால் இடித்தாள். "சொல்லுங்க, உங்களத்தான் கேக்குறாரு."