போனஸுக்குக் காவல்

மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் லூர்தம்மாள் டப்பாவைத் திறப்பதில்லை. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலையின் இரண்டாம் கேட்டுக்கு ஓடுகிறாள். அங்கே நான்கு ஆண்நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

“போங்கடா, பொறம்போக்குங்களா! இங்க இன்னா, பொண்ணு பாக்க வந்துகிறீங்களா?”

“நாலு மாப்ள வந்துகிறான். ஒருத்தன்கூடவா புடிக்கல, அக்கா?” என்று செக்யூரிட்டி பரசுராமன் சீண்டுகிறார்.

“நீ கேட்டப் பாரு. பொண்ண நான் பாத்துக்குறேன்.”

பொண்ணு என்பது செக்யூரிட்டி அறையின் ஜன்னல் கம்பியில் கட்டிக்கிடக்கும் போனஸ். ஒன்பது மாதப் பெட்டை நாய், முதல் முறையாகப் பருவத்துக்கு வந்திருக்கிறது.

லூர்தம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரகடத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. ஷிப்ட் முடிந்தும் போகாமல் அவள் கூடவே கிடந்த நாய்க்கு ‘ஓட்டி’ என்று பெயர் வைத்தாள். அதுவும் ஓ.டி., அதாவது ஓவர்டைம், பார்க்கிறதாம். ஓட்டி போட்ட ஐந்து குட்டிகளில் நான்கு, கன்டெய்னர் லாரிச் சக்கரத்தில் போயின. தார்ச்சாலையிலிருந்து சுரண்டி அள்ளியவள் லூர்தம்மாள்தான். மிஞ்சியது போனஸ்.

இனி ஓட்டி குட்டி போடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தாள். ஆனால் கருத்தடை ஆபரேஷனுக்கு நாய் பிடிக்க ஆள் வந்தபோது குறுக்கே நின்றாள். “என் வவுத்துல வெச்ச கத்தியே போதும். நீ கெளம்பு.” இருபத்துநாலு வயதில் அவளுக்குச் செய்த குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனில் புண் சீழ் பிடித்து, மூன்று மாதம் பாயில் கிடந்தாள். அந்த வாடை இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

மருந்துக்கடைக்குப் போய்ப் பெண்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரை கேட்டாள்.

“யாருக்கும்மா?”

“என் பொண்ணுக்குப்பா.”

கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். தினமும் ஒரு பன். அதில் கட்டைவிரலால் ஒரு குழி. குழிக்குள் ஒரு மாத்திரை. ஆறு மாதம் ஓட்டி சினையாகவில்லை. லூர்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஓட்டி தண்ணீராகக் குடித்தது. சோற்றைத் தொடவில்லை. வயிறு உப்பியது. வாலுக்கடியில் கசிந்ததன் வாடை அடித்ததுமே, அது சீழ் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மடியில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போனாள். கால்நடை டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது மனுஷங்களுக்கும்மா. நாய்க்குக் குடுத்தா கர்ப்பப்பையில சீழ் வெச்சிடும்.”

“குட்டி போடாம இருக்க, கத்தி வெக்காம, ஊசி கீசி ஒண்ணும் கெடையாதா சார்?”

“பொட்ட நாய்க்கு நம்பிப் போடுற மாதிரி இங்க இன்னும் எதுவும் வரல. கர்ப்பப்பைய எடுக்குற ஆபரேஷன்தான்.”

ஓட்டிக்கு அதற்கும் காலம் கடந்திருந்தது. அந்த மேசையிலேயே, அவள் கையை நக்கியபடி அடங்கியது.

போனஸின் பருவம் முடிந்ததும் ஆபரேஷன் செய்வதாக அதே டாக்டர் சொல்லியிருக்கிறார். போய் நின்று தேதி கேட்டு வாங்கியவள் லூர்தம்மாள். அதுவரை துடைப்பம்தான் மருந்து.

சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி மணி அடிக்கிறது. டப்பாவைத் திறக்கவே இல்லை. இடுப்பில் செருகிய பையிலிருந்து பன்னை எடுக்கிறாள். போனஸ் வாலாட்டுகிறது. அவள் பன்னை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் நாயின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டுத்தான் கீழே வைக்கிறாள்.